சாச்சி பிடிக்காத நோன்பு

முகத்தைப் பார்த்தே ஒருவர் மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்ற திமிர் எனக்குப் பதினொரு வயதில் வந்தது. வரவழைத்தது ஓர் ஆங்கிலக் கதைத் தொடர். அதில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் சிலர் பொலிஸுக்கு உதவுவார்கள். ஒருவன் நடக்கிற நடை, கோப்பையைப் பிடிக்கிற விதம், எதைச் சொல்லும்போது கண்ணைத் திருப்புகிறான் என்பதையெல்லாம் வைத்து அவன் எதை மறைக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தத் தொடரின் நாலு புத்தகங்களையும் கண்டி டவுனில் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கித் தந்தவர் என் சாச்சி, உம்மாவின் ஒரே தங்கை.

சாச்சி எங்களோடுதான் இருந்தார். டவுனில் ஒரு கந்தோரில் வேலை செய்தவர், கம்பளையில் கல்யாணம் நிச்சயமானதும் அதை விட்டுவிட்டார். நோன்புப் பெருநாள் முடிந்து பத்தாம் நாள் கல்யாணம். மாப்பிள்ளையின் படத்தை என்னிடம் நீட்டி, "நல்ல மனுசனா? ஒன்ட புத்தகத்தில ஈக்கிற மாதிரி பாத்துச் செல்லு" என்று கேட்டார். நான் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று அனுமதி கொடுத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நோன்புக்காகப் பள்ளிக்கூடம் மூடியிருந்தது. எனக்கு வேறு வேலை இல்லை. ஒரு கொப்பியை எடுத்து வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கினேன். வாப்பாவின் பக்கத்தில் 'பசித்தால் கோபம் வரும்' என்பதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. உம்மாவின் பக்கம் அதைவிட மோசம். சாச்சியின் பக்கம்தான் நிறைந்துகொண்டே போனது. அவருடைய அறையில் அலுமாரிக்குப் பின்னால் ஒரு கோப்பை, பகல் இரண்டு மணிக்கு ஈரமாக இருந்தது. பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு எல்லோருடைய உதடும் காய்ந்திருக்க, அவருடையது காயவில்லை. பொழுது சாய்ந்து நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொன்னதும் எங்கள் கை தண்ணீருக்குப் போகும், அவருடைய கை பரிமாறப் போகும். குப்பையில் மருந்துக் குளிசை உறைகள் கிடந்தன. தினமும் இரண்டு.

விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எங்களை எழுப்புகிறவரே அவர்தான். கூடவே உட்கார்ந்து சாப்பிட்டு, நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத்தும் வைப்பார். பத்தொன்பது நாட்களாக அவர் நோன்பு பிடிப்பதாக நடிப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. புத்தகத்துப் பிள்ளைகள் எல்லோரும் கூடியிருக்கும்போதுதான் உண்மையை வெளியிடுவார்கள்.

பத்தொன்பதாம் நோன்பு திறக்க மாப்பிள்ளையின் உம்மாவும், ராத்தா என்கிற அவருடைய அக்காவும் கம்பளையிலிருந்து வந்தார்கள். ஆண்கள் முன்னறையில் இருந்தார்கள், நாங்கள் உள்ளே பாய் விரித்து உட்கார்ந்தோம். கஞ்சி, கட்லட், ரோல்ஸ் எல்லாம் சாச்சியின் கைவேலை. மாப்பிள்ளையின் உம்மா கஞ்சியைக் குடித்துவிட்டு, "மருமகள் நோம்போட நிண்டு இவ்வளவும் செஞ்சீக்கிறா" என்றார்.

"சாச்சி நோம்பில்ல" என்றேன்.

உம்மாவின் முகம் வெளிறியது. ஆனால் வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா என் கன்னத்தைத் தட்டி, "அது பொம்புளயலுக்கு வாற நாள் மகள். அதெல்லாம் கேக்கப் படாது" என்றார். மாதத்தில் சில நாள் நோன்பு வேண்டாமென்று பெண்களுக்கு மார்க்கம் விட்டுக்கொடுத்த நாட்கள் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. என் கெட்டிக்காரத்தனத்தைச் சிரித்துத் தட்டிவிட்டார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது. அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். அல்லாஹ் எனக்கு அந்தப் புத்தியைத் தரவில்லை.

"இன்னக்கி மட்டுமில்ல. பத்தொம்பது நோம்பும் புடிக்கல்ல. ஒவ்வொரு நாளும் ரெண்டு குளிச குடிக்கிறாங்க" என்று கொப்பியைத் திறந்து காட்டினேன்.

சிரிப்பு நின்றது. "என்னத்துக்குக் குளிச?" என்று அவர் உம்மாவைப் பார்த்துக் கேட்டார். "தலவலிக்கு" என்று உம்மாவும், "ஒடம்புல ரத்தம் காணாதாம், அதுக்கு" என்று சாச்சியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். இரண்டில் ஒன்று பொய் என்று எனக்குள் உற்சாகம் பொங்கியது. இரண்டுமே பொய் என்று வந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு வாரத்தில் தகவல் வந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை சரிவந்துவிட்டதாம், கல்யாணம் இப்போதைக்கு வேண்டாமாம். அவர் இன்றும் கம்பளையில் ஒரு கடையில்தான் இருக்கிறார்.

சாச்சிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. குளிசை தவறாமல் குடித்ததால் அப்போதைக்கு ஏழு வருடமாக அது வரவில்லை. நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்குப் பதினேழு வயதானபோதுதான் உம்மா இதைச் சொன்னார். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பதை நான் மதரஸாவில் மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருந்தேன். கொப்பி நிறையக் குறிப்பெழுதிய எனக்கு அது ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. அந்த வீட்டாரிடம் மறைத்தது சரியா என்று கேட்டால் இன்றும் எனக்குப் பதில் தெரியாது. சொல்வதா, எப்போது சொல்வது என்பது சாச்சியின் உரிமை. அதை நான் பறித்தேன். பிறகு இரண்டு இடங்களிலிருந்து சாச்சியைப் பெண் கேட்டு வந்தார்கள், ஒன்றும் சரிவரவில்லை.

உம்மா எனக்கு அடித்தார். சாச்சி ஒரு வார்த்தை ஏசவில்லை. அதைவிட எனக்கு வேதனையானது இன்னொன்று. கம்பளைத் தகவல் வந்த மறுநாள் பின்பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் என்னைக் கூப்பிட்டார்.

"எப்பிடிக் கண்டுபுடிச்ச?" என்றார்.

கோப்பையைச் சொன்னேன். உதட்டைச் சொன்னேன். தண்ணீருக்குப் போகாத கையைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"அந்தக் கோப்பயக் கழுவித் தொடச்சு வெச்சிருந்தா?"

"அப்பவும் குளிச உற ஈக்கிதானே" என்றேன்.

"சரி. வேற?" என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். என் திறமையைக் கண்டு சாச்சி அசந்துபோய்விட்டார் என்று பெருமையாக இருந்தது. இனியொரு வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தால் எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.