பிக்கட்டி வரைக்கும் மேளம்

அப்பாவின் வண்டியில் பாட்டு கிடையாது. மலையில் ஓட்டுகிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம் என்பார். பனி இறங்கினால் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, எதிரிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுத்தான் திருப்புவார். ஆனால் குன்னூர் ஸ்டாண்டில் மற்ற டாக்ஸிகளுக்கெல்லாம் டேப் செட் வந்துவிட்டது. சீசனுக்கு வருகிறவர்கள் எங்கள் பழைய அம்பாசடருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மாமாவிடம் சாவியைக் கொடுத்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கோயமுத்தூரில் கார் சாமான் கடையில் வேலை. விற்கிற வேலைதான், மாட்டுகிற வேலை அல்ல என்பது எங்களுக்கு அன்று மத்தியானம்தான் தெரிந்தது. வீட்டு வாசலில் டயருக்குக் கல் கொடுத்துவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஒயர்கள் கோழிக்குடல் மாதிரி வெளியே தொங்கின. எப்படியோ செட் பாடிவிட்டது. இருந்தது ஒரே கேசட், கடையில் ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்க வைத்திருந்த நாதஸ்வரமும் தவிலும். கல்யாண மேளம். மாமா பெருமையாக ஹாரனை அமுக்கினார். அது வாயைத் திறக்கவில்லை.

"ஹாரன் லைன்லதான் கரண்டு எடுத்தேனுங்க மச்சான். ஒரு மணி நேரத்துல மாத்தி உட்டர்றேன்."

"நல்லாப் பண்ணுனே மாப்ள. வண்டிக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்துட்டுப் பேச்சைப் புடுங்கிட்டியே!"

அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. கீழ்வீட்டு அக்கா ஓடி வந்தாள். முக்குக் கடைக்குப் போன் வந்திருக்கிறது, பிக்கட்டியில் அவளுடைய அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறதாம்.

அவள் கல்யாணத்தைப் பற்றித் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ரிஜிஸ்டர் ஆபீசில் இரண்டு மாலை, அவ்வளவுதான். மேளம் இல்லை, தாய் தகப்பன் இல்லை. இனி என் வாசலை மிதிக்காதே என்று தகப்பன் சொல்லிவிட்டாராம். அக்காவின் வீட்டுக்காரர் அன்று பாக்டரியில் ஷிப்டில் இருந்தார். இருந்திருந்தாலும் அந்த ஊருக்குள் அவர் போயிருக்க முடியாது.

"உசுரோட ஒருக்காப் பாத்துட்டாப் போதுமுங்க அண்ணா."

அப்பா வானத்தைப் பார்த்தார். வெளிச்சமாகத்தான் இருந்தது. குனிந்து கல்லை எடுத்துப் போட்டார். பின்பக்கம் ஒரு ஸ்பீக்கர் இன்னும் முடுக்கப்படாமல் ஒயரில் தொங்கியது. மாமா அதை என் மடியில் வைத்து, "கண்ணு, ஒயரு அந்துடாமப் புடிச்சுக்கோ," என்றார். வெளியாள் யாரிடமும் வாய் திறக்காத நான், அழுகிற அக்காவின் பக்கத்தில், ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மஞ்சூர் ரோட்டில் பாதித் தூரம் போவதற்குள் பனி வந்துவிட்டது. முதலில் தேயிலைச் செடிகள் போயின, பிறகு ரோட்டோரக் கற்கள். ஒரு வளைவில் அப்பாவின் கை பழக்கத்தில் ஹாரனை அமுக்கியது. சத்தமில்லை. அதே நொடி எதிரே ஒரு லாரி முளைத்து, எங்கள் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. அப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

"நான் முன்னால கத்திக்கிட்டே நடக்கறனுங்க மச்சான்," என்றார் மாமா.

"நடந்து போனா விடிஞ்சிரும்." அப்பா செட்டைத் திரும்பிப் பார்த்து, "அந்த எழவெடுத்த செட்டைப் போடு," என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "வேற கேசட் இல்லையா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"போடுங்கண்ணா," என்றாள் அக்கா. "எதா இருந்தா என்ன?"

கண்ணாடிகளை இறக்கி, சத்தத்தை முழுக்கத் திருப்பினார்கள். என் மடியில் தவில் இடித்தது. பல் ஆடியது. மேளம் முன்னால் போக, நாங்கள் பின்னால் ஊர்ந்தோம். ஒரு திருப்பத்தில் பஸ் ஒன்று எங்கள் சத்தம் கேட்டு முன்பே ஒதுங்கி நின்றிருந்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "கல்யாண வண்டிங்களா? போங்க, போங்க. நல்லா இருக்கோணும்!" என்றார். அக்கா பனியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

பிக்கட்டிக்குள் நுழையும்போது அப்பா செட்டை நிறுத்தக் கை நீட்டினார்.

"இருக்கட்டுங்கண்ணா. ஊட்டு வாசல் வரைக்கும் பாடட்டும்."

அப்பா கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "சாவக் கெடக்கற ஊட்டுல மேளமாடா?" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு அக்காவின் அம்மா வந்து அவள் கையைப் பிடித்தார். "உசுரு இருக்குது, வாடி. இப்பத்தான் கண்ணத் தொறந்து, மேளம் எங்க கேக்குதுன்னாரு." அக்கா உள்ளே போனாள். அதற்குப் பிறகுதான் அப்பா செட்டை நிறுத்தினார்.

மாமா அங்கேயே ஒயரைப் பிடுங்கி ஹாரனுக்கு உயிர் கொடுத்தார். திரும்பி வரும்போது, சாகப்போகிறவர் வீட்டில் போய் யாராவது கல்யாண மேளம் போடுவார்களா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஹாரன் இல்லையே கண்ணு, அதான்," என்றார்.

நான் நம்பினேன். பிக்கட்டிக்குள் நாங்கள் போனபோது பனியே இல்லை, நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.