பாப்பர் மனுவும் இரவல் தோடும்

அக்கா வாக்கப்பட்ட ஊரில் அப்பா அவள் பெயரில் எழுதிவைத்த தோட்டத்தை அவள் புருஷன் வீட்டார் பிடித்துக்கொண்டு, அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுபதுகளின் கடைசி அது. தோட்டத்தை மீட்க வழக்குப் போட வேண்டும். வழக்குப் போட அதன் மதிப்புக்கேற்ற கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். அப்பா போன பிறகு எங்களிடம் ஏது? நாமக்கல் வக்கீல்தான் வழி சொன்னார். கட்ட வசதியில்லை என்று பாப்பர் மனு போடலாம். கோர்ட் ஒப்புக்கொண்டால் ஃபீஸ் கட்டாமலே வழக்கு நடக்கும். தள்ளிவிட்டால் தோட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

"விசாரணைக்கு இருக்கிறபடியே வாங்கம்மா" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். அம்மா கேட்டால்தானே. கட்டினவன் உயிரோடு இருக்கும்போது பெண் மூளிக் காதோடு வெளியே போவதா? அதுவும் சம்பந்தி வீட்டார் கண்ணெதிரே? பக்கத்துத் தோட்டத்து அத்தையிடம் தோடு இரவல் வாங்கி அக்காவுக்குப் போட்டுவிட்டாள். தங்கம் போட்டுக்கொண்டு போனால் வசதியில்லை என்று யார் நம்புவார்கள் என்று நான் கத்தினேன்.

"உனக்கென்ன தெரியும், பேசாம கெட" என்றாள் அம்மா. அக்கா கண்ணாடியை விட்டு நகரவில்லை.

கோர்ட் வராந்தாவில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டவாலி பெயர் கூப்பிடும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவேன், வேறு யாரோ உள்ளே போவார்கள், மறுபடி நடப்பேன். எதிரே வேப்பமரத்தடியில் அக்கா புருஷனான மாமாவும் அவர் அம்மாவும் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கடலையைத் தட்டிவிடலாமா என்றிருந்தது.

ஒருவழியாக அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். மாமியாரும் உள்ளே வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். ஃபீஸ் நஷ்டம் சர்க்காருக்கு என்பதால் சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"காதில் இருக்கிற தோடு யாருடையதும்மா?"

அக்கா மாமியாரைப் பார்த்தாள். "என்னுதுதானுங்க."

"தங்கமா?"

"தங்கந்தானுங்க."

எங்கள் வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு நீதிபதியிடம் அனுமதி கேட்டு, கதவோரம் நின்ற என்னைக் கூண்டுக்கு அழைத்தார். அதே கேள்வியை என்னிடம் கேட்டார். கீழே நின்ற அக்கா, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

"இரவலுங்க. பக்கத்துத் தோட்டத்துல வாங்குனதுங்க. எங்க ஊட்டுல பொட்டுத் தங்கம் கெடையாதுங்க."

வேறென்ன சொல்வது? இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், தோள் மட்டும் குலுங்கியது.

நீதிபதி என்னை நம்பினார். மத்தியானத்துக்கு மேல் மனுவை அனுமதித்து உத்தரவு போட்டார். எனக்கு மூச்சு வந்தது. வெளியே வந்ததும் வக்கீல் அக்காவிடம், "உன் தங்கச்சி காப்பாத்திட்டாம்மா. இனித் தோட்டம் கைக்கு வந்த மாதிரிதான்" என்றார். நான் அக்காவின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் விலகி அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"வந்தா இவளையே குடியிருக்கச் சொல்லுங்க" என்றாள் வக்கீலிடம். "நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த ஊருக்குள்ள நடப்பேனுங்க?"