சைக்கிள் காவடி

எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் ஒரு சைக்கிள் மணி இருக்கிறது. அதன் மூடியில் முலாம் உரிந்து பித்தளை தெரிகிறது. கட்டைவிரலால் தள்ளும் நாக்கு மட்டும் தேய்ந்து வழவழவென்றிருக்கிறது. அந்த மணியைத் தாங்கிய சைக்கிள் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டி அதை ஒரு தட்டுத் தட்டினால் நான் உள்ளேயிருந்து கத்துகிறேன். ஒரு மணிச் சத்தத்துக்கு டீச்சரம்மாவுக்கு ஏன் இத்தனை கோபம் என்று அதன் தாய் என்னிடமே கேட்டாள். கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதே நல்லது.

பாவா என் அக்காவின் கணவர். திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், எப்போதும் யாரையோ தேடுகிற கண். யுத்தம் முடிந்த மறு வருஷம் அவர் வாலிபர்களுக்காக ஒரு சைக்கிள் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்தார். அதற்குக் காரணம் இருந்தது. கிருத்திகைக்குக் கிருத்திகை ஊர் தாங்காத கூட்டம் வரும். காவடிக்காரர்களுக்கு நடுவே பையன்கள் கையை விட்டுவிட்டு சைக்கிள் விடுவார்கள். அப்படி ஒரு ஆடிக் கிருத்திகையன்று, புதிதாக மொட்டை அடித்த மூன்று வயதுக் குழந்தை ஒன்று சக்கரத்தில் அடிபட்டுச் செத்தது. அதை மண்ணிலிருந்து தூக்கியவர் பாவா. சட்டையில் பட்ட ரத்தத்தை ஒரு வாரம் அவர் அக்காவைத் துவைக்க விடவில்லை. அதனால் அவரைக் கெட்ட எண்ணம் உள்ளவர் என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். கெட்ட எண்ணம் உள்ளவர்களாவது ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். பாவாவுக்கு அலுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பால் எட்டுப் போட்டிருக்கும். அதன்மேல் கோட்டைவிட்டு விலகாமல் ஓட்ட வேண்டும். திரும்புமுன் கை காட்ட வேண்டும், மணி அடிக்க வேண்டும், விசில் ஊதிய இடத்தில் பிரேக் பிடித்து நிற்க வேண்டும். மண்ணெண்ணெய் ரேஷனில் வந்த காலம்தான். ஆனாலும் இருட்டினால் விளக்கில்லாமல் சைக்கிள் தெருவில் இறங்கக் கூடாது. குரங்குப் பெடல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே வண்டியில் இரண்டு பேர் ஏறும் டபுள்ஸ் கூடாது. வரிசையாக நின்று நெஞ்சில் கை வைத்து, விதி மீற மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன் என்று பையன்கள் உறுதி சொல்வார்கள். "ரோடு ஒன்னும் உங்கப்பன் வூட்டு வாசல் இல்லடா" என்பது பாவாவின் பேச்சு. சங்கம் வந்த பிறகு எங்கள் ஊர்த் தெருவில் ஒருவரும் சைக்கிளில் அடிபடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விதி மீறியவனுக்குப் பிரம்படி கிடையாது. பாவா அதைவிட நல்லதாக ஒன்று கண்டுபிடித்திருந்தார். மலைப்படியின் அடியிலிருந்து முதல் மண்டபம் வரைக்கும் அறுபது படி. குற்றம் செய்தவன் தன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த அறுபது படியும் ஏறி இறங்க வேண்டும். சங்கத்துப் பையன்கள் இரண்டு பக்கமும் நின்று அரோகரா சொல்வார்கள். சைக்கிள் காவடி என்று ஊரே பேர் வைத்துவிட்டது. கோயில் படியில் தோல் ஏறக்கூடாது என்பதால் சீட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். சாமி விஷயத்தில் பாவா அவ்வளவு சுத்தம். டபுள்ஸ் என்றால் பின்னால் உட்கார்ந்தவனுக்கும் பங்குண்டு. மணியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிடுவார்கள். அவன் அதை அடித்துக்கொண்டே முன்னால் நடக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். நானும் மண்டபத்துத் தூணைக் கட்டிக்கொண்டு வயிறு நோகச் சிரித்திருக்கிறேன்.

அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. எங்கள் அப்பா, நைனா என்போம், ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவருடைய பழைய சைக்கிளைத்தான் அண்ணன் ஓட்டினான். அரக்கோணம் தபால் ஆபீசில் தந்திப் பியூன் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. சைக்கிளை ஒழுங்காக ஓட்டுகிறவன் என்று யாராவது பொறுப்பானவர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார்கள். பாவாவின் கடிதம் இருந்தால் வேலை கைக்கு வந்த மாதிரிதான். அண்ணன் சங்கத்தில் முதல் ஆள், எட்டின்மேல் சக்கரம் துளி விலகாமல் ஓட்டுகிறவன். கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை தருவதாகப் பாவா சொல்லியிருந்தார். புதன்கிழமை அண்ணன் அரக்கோணத்தில் இருக்க வேண்டும். காக்கி உடுப்பு தருவார்களாம் என்று அவன் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை நைனாவுக்குச் சோறு கொடுத்துவிட்டு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. மழை பிடித்துக்கொண்டது. எதிரே வந்த அண்ணனை மறித்து, ஏற்றிக்கொண்டு போ என்று கெஞ்சினேன். "வாணாம் பாப்பா. பாவா பாத்தாருன்னா அவ்ளோதான்" என்றான். நான் அழுதேன். எனக்கு அழுகை எப்போதும் கைவசம் இருக்கும். தலையில் அடித்துக்கொண்டு கேரியரில் உட்காரச் சொன்னான். குளக்கரையில் என்னை இறக்கிவிடும் வரைக்கும் ஒரு மனுஷர் எதிரே வரவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. இந்த வண்டியை நானே ஓட்டினால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். பாவாடை சங்கிலியில் மாட்டி ஓரம் கிழிந்தது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மறுநாள் அக்கா தன் வீட்டில் அந்தக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தபோது பாவா வந்தார். துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார். சங்கிலி மசகு. அவருக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. அக்கா என் காலை மிதித்தாள். "முள்ளு மாட்டிகினு கிழிஞ்சிடுச்சிங்க, வேறொன்னும் இல்ல" என்றாள். பாவா அவளைப் பார்க்கவே இல்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து மெதுவான குரலில் கேட்டார். "யார் வண்டியில குந்திகினு வந்த? உண்மைய சொல்லு பாப்பா. சொன்னா உனக்கும் சைக்கிள் கத்துக் குடுக்கறேன். இந்த ஊர்ல ஒரு பொண்ணும் ஓட்டுனதில்ல, தெரியுமா?"

அவர் அடிப்பார் என்று பயந்து சொன்னேன் என்று எழுதலாம். சின்னப் பெண், விவரம் தெரியாது என்று எழுதலாம். இரண்டும் பொய். சைக்கிள் வேண்டும் என்ற ஆசையில் சொன்னேன். அண்ணன் பெயர் வாயைவிட்டுப் போகும்போதே அவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கால் மணி நேரச் சிரிப்பு, அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டேன். பாவா என் தலையைத் தடவிக் கொடுத்தார். அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, கடிதம் பாவாவின் சட்டைப் பையில் தெரிந்தது. முதலில் தண்டனை, பிறகு கடிதம் என்றார். மச்சினன் என்று விட்டுவிட்டால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். சைக்கிள் கடை பாய்தான் எப்போதும் சீட்டைக் கழற்றிக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை பெய்த மழையில் படியெல்லாம் பாசி வழுக்கியது. பாய் கழற்றிய பிறகு பார்த்துவிட்டு, "சார், பைப்பு மொட்டையா நிக்குதுங்க. ஒரு சாக்காவது சுத்திக்கலாமுங்க" என்றார். "சாக்கு சுத்திகினு போறதுக்கு இன்னா அது, நெல்லு மூட்டையா?" என்று பாவா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பாய் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் மணியை அடித்துக்கொண்டு முன்னால் போனேன். அரோகரா என்றார்கள். மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்த ஒரு குடும்பம், விவரம் தெரியாமல், நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டது. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது பாதிப் படியில் நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வியர்வைக்கு நடுவே என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அழாதே என்பதற்காக. நான் அழவில்லை, அடுத்த வாரம் சைக்கிள் கற்றுக்கொள்வதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படியில்தான் அவன் கால் வழுக்கியது. சைக்கிளும் அவனும் சேர்ந்து உருண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். கீழே போய் நின்றபோது மொட்டைக் குழாய் அவன் வலது முழங்காலுக்குள் இருந்தது. பிடுங்கியவர் பாய். இரண்டு பையன்கள் வாந்தி எடுத்தார்கள். அப்போதும் நான் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தேனாம். அக்கா வந்து கையிலிருந்து பிடுங்கிய பிறகுதான் நிறுத்தினேனாம்.

அரக்கோணம் ஆஸ்பத்திரியில் காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள். ஆனால் முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பாவா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். தலையணைக்கு அடியில் அந்தக் கடிதத்தை வைத்தார். "தரேன்னு சொன்னேன், தந்துட்டேன்" என்றார். கிண்டல் இல்லை, சத்தியமாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய திருப்தி முகத்தில் இருந்தது. நைனா எழுந்து நின்று மாப்பிள்ளைக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மறுநாள் புதன்கிழமை. அண்ணன் காலையிலிருந்து வார்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாதக் கடைசியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி தலைமை தாங்கினார். பாவா நிமிர்ந்து நின்று அறிக்கை வாசித்தார். இந்த வருஷம் சங்கத்தில் சைக்கிள் விபத்து ஒன்றும் இல்லை என்றார். ஓட்டும்போது விழுந்தால்தானே விபத்து! கைதட்டினார்கள். பந்தலின் ஓரத்தில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணனும் தட்டினான்.

எனக்குக் கொடுத்த வாக்கையும் பாவா காப்பாற்றினார். அண்ணனுக்குக் காலில் கட்டுப் பிரிக்காத மாதத்திலேயே, அதே சைக்கிளில், அதே மைதானத்தில். நான் போனேன். சந்தோஷமாகப் போனேன், அதை எழுதத்தான் கை கூசுகிறது. நாலாம் நாள் யாரும் பிடிக்காமல் எட்டுப் போட்டேன். அந்த சைக்கிளால்தான் பின்னாளில் ஐந்து மைல் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை ஒப்புக்கொள்ள முடிந்தது. தினமும் போய் வந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் சம்பளத்தில்தான் அண்ணனும் நானும் சாப்பிட்டோம். அவன் கால் போய் எனக்குச் சக்கரம் வந்தது. வேறெப்படிச் சொல்வது? அவன் மலையடியில் ஒரு பூஜைச் சாமான் கடையில், மேலே போகிறவர்களின் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்தான். பாவாவிடம் நம்மைக் காட்டிக் கொடுத்தது பாய்தான் என்று ஒருநாள் அவனிடம் சொன்னேன். "ஆங்" என்றான். மறுநாள் பார்த்தால் பாயோடு டீ குடித்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா முதலில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. பாவாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் வாயும் விழுந்தபோது, அவரை வீட்டுக்குக் கொண்டுவா என்று சொன்னவன் அண்ணன்தான். பேச முடியாதவர் எப்படிக் கூப்பிடுவார் என்று யோசித்து, பெட்டியில் கிடந்த சைக்கிள் மணியைத் தேடி எடுத்து எண்ணெய் போட்டுக் கட்டில் சட்டத்தில் முடுக்கினான். இடது கட்டைவிரலால் பாவா மணி அடிப்பார். காலை இழுத்துக்கொண்டு அண்ணன் ஓடுவான். தண்ணீருக்கும் ஓடுவான், மலத்துக்கும் ஓடுவான். நான் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன்; அவன் கடைக்குப் போயிருக்கும் பகல் பொழுதுகளில் நான்தான் போக வேண்டும். மணி அடித்ததும் நான் எண்ண ஆரம்பிப்பேன். ஒன்று, இரண்டு என்று நிதானமாக அறுபது எண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். சில நாள் போவதற்குள் படுக்கை நனைந்திருக்கும். அவர் என்னைப் பார்ப்பார். டிரில் மாஸ்டர் இல்லையா, எண்ணிக்கை அவருக்கும் புரிந்திருக்கும். மூன்று வருஷம் அப்படி நடத்தினேன். எனக்கும் அலுக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. எண்ணினேன். இருபதில் மறுபடியும் அடித்தது. முப்பதுக்குமேல் விடாமல் அடித்தது. நாற்பத்திரண்டில் நின்றுவிட்டது. நான் மீதி பதினெட்டையும் எண்ணி முடித்தேன். உள்ளே போனபோது தண்ணீர்ச் சொம்பு தரையில் உருண்டு கிடந்தது. பாவாவின் வாய் திறந்திருந்தது. கட்டைவிரல் மணியின் நாக்கின்மேல் அப்படியே இருந்தது.

ஆள் விட்டதும் அண்ணன் கடையிலிருந்து வந்தான். மடங்காத காலை நீட்டிக் கட்டிலோரம் உட்கார்ந்து, கவிழ்ந்த சொம்பைப் பார்த்தான், அந்த விரலைப் பார்த்தான்.

"மணி அடிச்சாரா, பாப்பா?"

"இல்லண்ணா."

அவன் பாவாவின் விரலை மெல்ல விலக்கி நெஞ்சின்மேல் வைத்தான். மணியின் திருகாணியைக் கழற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னான்: "இந்த 'இல்ல'ய அன்னிக்கு அவராண்ட சொல்லி இருக்கக் கூடாதா?"

கழற்றிய மணியை அவன்தான் கொண்டுபோய் அந்த ஜன்னல் கட்டையில் வைத்தான். அதன் பிறகு அவன் இருந்த இரண்டு வருஷமும் என்னிடம் முன்போலவே பேசினான், நான் போட்டதைச் சாப்பிட்டான், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வைத்த இடத்திலிருந்து அந்த மணியை நான் இன்னும் நகர்த்தவில்லை.