நர்ஸம்மா காட்டிய பூச்சி

பேத்திக்கு ஓமத்தண்ணீர் கலக்கும்போதெல்லாம் இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் அறையான மருந்துக் காம்பரா நினைவுக்கு வரும். இன்று அங்கே தேயிலைச் செடிகள்தான் நிற்கின்றன. கொக்கிப்புழுவுக்கு அங்கே கொடுத்த மருந்துக்கும் இதே வாசனை. சன்னலோரம், சிறியதைப் பெரிதாய்க் காட்டும் பித்தளைக் குழாயோடு நர்ஸம்மா உட்கார்ந்திருப்பார்.

அப்போது அம்மாவுக்கு மேட்டில் நாலடி வைத்தாலே மூச்சு வாங்கும். நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவரின் மண்ணைச் சுரண்டிச் சுரண்டித் தின்பாள். அவள் படுக்கும் பக்கம் என் கை நுழையுமளவு குழி விழுந்திருந்தது. வயிற்றில் பூச்சி இருந்து ரத்தத்தை உறிஞ்சுவதால்தான் இதெல்லாம் என்றால் மட்டும் நம்பமாட்டாள்.

"கண்ணால பாக்காத பூச்சிக்கு நான் ஏன் மருந்து குடிக்கணும்?"

"அதோட முட்டை இதுல தெரியுது, நீங்களே வந்து பாருங்க" என்று நர்ஸம்மா அவளைக் குழாயின்மேல் குனிய வைத்தார்.

"ஆத்தாடி! எம்புட்டுக் கறுப்பா, வளைஞ்சு கெடக்கு!"

நர்ஸம்மா எதையோ சொல்ல வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு மருந்தை நீட்டினார். அம்மா மறுபேச்சில்லாமல் விழுங்கினாள்.

அவர் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று வெகுகாலம் யோசித்திருக்கிறேன். நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போய், நானும் அப்படியொரு குழாயில் முதன்முதலாகக் கண் வைத்தபோது, கறுப்பாய் ஏதோ வளைந்து கிடந்தது.

"கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைம்மா, அது உன் இமைமுடி" என்றார் சொல்லிக்கொடுத்தவர். முட்டைகளோ நிறமேயில்லாத குமிழ்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை. அந்த மருந்துக்குப்பின் அவள் சுவரைத் தொடவில்லை. குழி அப்படியே இருந்தது. என் கைதான் அதில் நுழையாதபடி வளர்ந்துவிட்டது.