ஆப்பிள் மசியலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை

என் அப்பாவின் ஆப்பிள் மசியலில் சர்க்கரை கலந்தவள் நான். அண்ணி அல்ல!

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதையும் சொல்லவேண்டியவளிடம் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கோழை என்பீர்கள். மறுக்கமாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். வில்லியனூரில் எங்களுக்கு மளிகைக் கடை. அம்மா முன்பே போய்விட்டாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த என்னையும், சர்க்கரை வியாதியில் படுத்திருந்த அப்பாவையும் அண்ணி ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். அப்பாவுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. காலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. மாலையில் பசித்தால் பாதி ஆப்பிளை வேகவைத்து மசித்துக் கொடுங்கள், சர்க்கரை மட்டும் கூடவே கூடாது என்றார் டாக்டர். அண்ணன் பாண்டிக்குச் சரக்கெடுக்கப் போகும்போது ஆப்பிள் வாங்கி வருவார்.

அண்ணி செய்வதில் குறையே இல்லை. தோல் சீவி, விதை நீக்கி, துண்டாக்கி, கால் டம்ளர் தண்ணீரில் மூடி வேகவைப்பாள். குழைந்ததும் பருப்பு மத்தால் கடைந்து, ஆறவைத்துக் கொண்டுபோவாள். அப்பா ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"இன்னாம்மா இது, வெந்த சொரக்கா கணக்கா இருக்குது!"

ஒருநாள் அண்ணிக்குக் கடையில் வேலை. நான் செய்தேன். குழந்தையின் பாலுக்கென்று என்னிடம் ஒரு டப்பாவில் சர்க்கரை இருந்தது. இரண்டு ஸ்பூன் போட்டேன். அப்பா கிண்ணத்தை வழித்துத் தின்றார்!

"பொண்ணு கை பொண்ணு கைதான்டி!"

அந்தச் சொல்... அதற்காகத்தான் மறுநாளும் போட்டேன். பாசத்தால் செய்தேன் என்று எழுத ஆசைதான். பொய்! எல்லோர் வாயிலும் அண்ணி புராணம் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறெரிந்தது. அவள் தோற்கும் இடம் ஒன்றாவது வேண்டியிருந்தது. மூன்று வாரம் நானே செய்தேன், நானே ஊட்டினேன்.

அந்நாளில் சர்க்கரை பார்ப்பது வீட்டிலேயேதான். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார் அண்ணன். நீலமாகவே இருந்தால் நல்லது, சிவந்தால் ஆபத்து. பொங்கல் வியாபார மும்முரத்தில் சில வாரம் விட்டுப்போயிற்று. பொங்கல் கழிந்து பார்த்தபோது குழாய் செங்கல் நிறத்தில் நின்றது.

"சர்க்கர டப்பா சாவி ஒங்கிட்டதான இருக்குது? காப்பில போட்டுக் குடுத்தியா?" என்று அண்ணி மேல் கை ஓங்கினார் அண்ணன்.

"ஐயோ, சத்தியமா நான் போடலீங்க!" அண்ணி என் பக்கம் திரும்பினாள். "சரசு, நீ கூடத்தானம்மா இருக்கற... நீ சொல்லு!"

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி?" என்றேன் நான்.

கட்டிலில் கிடந்த அப்பா என்னையே பார்த்தார். அவர் நாக்குக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அவர் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார்.

அன்றே அண்ணியைப் பாகூருக்கு, அவள் தாய்வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டார் அண்ணன்.

பயத்தில் நான் சர்க்கரையை நிறுத்தினேன். அடுத்த வாரம் குழாய் பச்சையானது. அதற்கடுத்த வாரம் நீலம்!

"பாத்தியா, அவ போனா, சர்க்கரையும் போச்சு" என்றார் அண்ணன். தெருவே ஆமாம் போட்டது. நான் நிறுத்தியதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது... இதைவிடக் கொடுமை உண்டா, சொல்லுங்கள்!

புண் மட்டும் ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். ஆடிக்குள் அப்பாவும் போய்விட்டார். சாவுக்கு வந்த அண்ணியை, உறவுக்காரர்கள் பேசி வீட்டிலேயே இருக்கவைத்தார்கள். அவள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு எந்தக் காப்பியிலும் தன் கையால் சர்க்கரை போட்டதில்லை. நான் போகும்போதெல்லாம், "நீயே போட்டுடும்மா" என்று டப்பாவை நகர்த்துவாள். நான் போடுவேன். கலக்கிக் குடித்துவிட்டும் வருவேன். நான் என்ன மனுஷி!

போன தையில் என் மூத்த மகளுக்குக் கல்யாணம். மாமன் மனைவி என்ற முறையில், சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு மண்டப வாசலில் அண்ணிதான் நிற்கவேண்டும். தட்டை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சரசு. எங்கையால குடுத்தா சனங்க இன்னா நெனப்பாங்களோ..."

சுற்றிலும் உறவு. அண்ணன் இரண்டடி தள்ளித்தான் நின்றார். ஒரே ஒரு வாக்கியம் போதும்... தொண்டை வரை வந்தது. சம்பந்தி வீட்டார் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சரி அண்ணி, வேற ஆளப் பாக்கறேன். நீங்க உள்ள போய் ஒக்காருங்க" என்றேன்.

தட்டை என் ஓரகத்தியிடம் கொடுத்தேன். அண்ணி தலைகுனிந்து நடந்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.