ரோகிணி ஜெயித்த ஆட்டம்

கோப்பையில் போட்டு வெண்ணெயில் புரட்டித் தரும் சூடான சோளத்தின் வாசனை எங்கே வந்தாலும், எனக்கு அதோடு விபூதி வாசனையும் வந்துவிடுகிறது. கூடவே, இத்தனை வருடம் கழித்தும், வயிற்றில் ஒரு சின்ன எரிச்சல். மூன்றும் சேர்ந்து என்னிடம் வந்தது மலேசியாவின் புக்கிட் ஜாலில் அரங்கத்தில், எனக்குப் பத்து வயதில், பன்னாட்டுப் பூப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் பார்க்க நாங்கள் குடும்பத்தோடு போன ஞாயிற்றுக்கிழமையில்.

காரைக்குடியிலிருந்து அப்பா பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு வந்தபோது நான் நான்கு வயதுப் பிள்ளை. தங்கை வித்யா மறுவருடம் கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். எங்கள் வீட்டில் பூப்பந்துப் பைத்தியம் நான் ஒருத்திதான். அடுக்குமாடி நடைபாதையில் பக்கத்து வீட்டு மெய் லிங்கோடு ஆடுவேன். தொலைக்காட்சியில் ஆட்டம் வந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். இருபத்தொரு புள்ளி எடுத்தால்தான் ஒரு சுற்று முடியும் என்று அப்பாவுக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். வித்யாவுக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. மலேசிய வீரர் இறுதிக்கு வந்தபோது, அழுது அடம்பிடித்து அப்பாவை டிக்கெட் வாங்க வைத்ததும் நானே.

எங்கள் வீட்டில் பரீட்சையோ விசாவோ, எதுவானாலும் முதலில் ஓர் அர்ச்சனை. அன்று காலையும் அந்த வீரர் பெயரில் அர்ச்சனை செய்ய அம்மா எங்களைக் கோயிலுக்கு இழுத்துப் போனார். அவர் மலேசியச் சீனர்; அந்தச் சீனப் பெயரைக் குருக்கள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"கோத்திரம் தெரியலன்னா சிவகோத்திரம்னு சொல்லிடலாம்மா. நட்சத்திரம்?"

அது யாருக்குத் தெரியும்? அம்மா விழித்தார். நான் முந்திக்கொண்டு, "என்னோடத சொல்லுங்க சாமி, அவிட்டம்!" என்றேன். அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"நீ அங்க பொறந்தவ. ஆடுறது இந்த ஊருப் பையன். இங்க பொறந்த நட்சத்திரந்தான் எடுபடும். ரோகிணின்னு சொல்லுங்க சாமி, ரிஷப ராசி."

ரோகிணி வித்யாவின் நட்சத்திரம். அவளோ அந்த நேரத்தில் அர்ச்சனைத் தட்டு வாழைப்பழத்தில் கண்ணாக இருந்தாள். சிவகோத்திரத்துச் சீனர் என் தங்கையின் நட்சத்திரத்தில் சாமிக்கு முன் நின்றார். அவருக்காக ராப்பகலாக உருகிய நான் இந்த ஊர்க்காரி இல்லை என்று ஆகிவிட்டது. சொன்னது வேறு யாராவது என்றால் சண்டை போட்டிருப்பேன். பெற்ற தாயே சொன்னால் எங்கே போவது? எல்ஆர்டி ரயிலில் போகும்போது வித்யா பக்கத்தில் நான் உட்காரவில்லை.

அரங்கம் முழுக்க மலேசிய அணியின் மஞ்சள் சட்டை. காற்றடித்த பிளாஸ்டிக் குழாய்களை ஒன்றோடொன்று தட்டுகிற சத்தத்தில் காது அடைத்தது. எங்கள் வரிசையில் காப்பாரிலிருந்து வந்த ஓர் அங்கிள் குடும்பத்தோடு இருந்தார். அம்மா உட்கார்ந்த உடனேயே அவரிடம் நட்சத்திரக் கதையை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். "அப்படியா! நம்ம லக்கி பாப்பாவா இது?" என்று அவர் வித்யாவின் கன்னத்தைக் கிள்ளினார். வரிசை முழுக்க அவளைப் பார்த்துச் சிரித்தது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

முதல் சுற்று போயிற்று. இரண்டாவதை எங்கள் வீரர் எப்படியோ பிடித்தார். மூன்றாவதில் எதிராளி மளமளவென்று முன்னேற, நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒவ்வொரு புள்ளி போகும்போதும் அம்மா முந்தானை முடிச்சிலிருந்து விபூதி எடுத்து வித்யா நெற்றியில் பூசினார். என் நெற்றி வெறுமையாகவே இருந்தது. பூசப் பூச அவளுக்குக் கண் சொருகியது. சுற்றிலும் நடந்த அத்தனை ஆர்ப்பாட்டத்திலும் அம்மா மடியில் சாய்ந்து தூங்கியே போனாள்.

ஆட்டம் அப்போதுதான் திரும்பியது. ஒரு புள்ளி, இன்னொன்று, அடுத்தடுத்து மூன்று. அங்கிள் சட்டென்று கையை உயர்த்தினார்.

"யாரும் பாப்பாவ எழுப்பாதீங்க லா! அது தூங்குனதுல இருந்துதான் பாயிண்டு வருது!"

எங்கள் வரிசை குழாய்களை மடியில் வைத்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கத்துகிற இடத்தில் எங்கள் வரிசை மட்டும் சத்தம் போடக்கூடாதாம்! நான் வாயைத் திறந்ததும் அம்மா பொத்தினார். "கத்தாதடி, அவ முழிச்சுக்கப் போறா." கடைசிப் புள்ளி விழுந்து அரங்கமே எழுந்து குதித்தபோது நான் அம்மாவின் உள்ளங்கைக்குள் கத்தினேன். அது எனக்கே கேட்கவில்லை.

அங்கிள் வித்யாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "முடிஞ்சிருச்சா?" என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள். நான் ஆட்டம் முடிந்து சாப்பிடலாம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த சோளத்தை அம்மா என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். பாவி, ஒரு மணியைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினாலும், "ரோகிணி ஜெயிச்ச ஆட்டம்" என்றுதான் பேச்சு. அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

அப்பா இப்போது இல்லை. அவர் வேலை பார்த்த துணிக்கடை கைப்பேசிக் கடையாகிவிட்டது. அந்த வீரர் ஓய்வு பெற்றுவிட்டார். இங்கே பிறந்த வித்யா லண்டனில் குடியேறிவிட்டாள். காரைக்குடியில் பிறந்த நான்தான் கிள்ளானில் வீடு வாங்கி, ஷா ஆலமில் வேலை பார்த்து, ஒவ்வொரு வருடமும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு அரங்கத்துக்குப் போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்த முறை இறுதி ஆட்டத்தன்று காலை கோயிலுக்கு நான் தனியாகப் போனேன்.

இப்போது இறுதிக்கு வந்திருந்த நம் பையனின் சீனப் பெயருக்குப் புதுக் குருக்கள் தடுமாறவில்லை. "நட்சத்திரம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன்! தோளைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை. அவிட்டம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எதிரே ஆடப் போகிறவன் லேசுப்பட்டவன் இல்லை. என் நட்சத்திரத்தால் நம் பையன் தோற்றுவிட்டால்?

"ரோகிணி, ரிஷப ராசி" என்றேன்.

வயிறு பழையபடி எரிந்தது. லண்டனில் அப்போது நடு இரவு. அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். அன்றைக்கும் தூங்கிக்கொண்டேதானே ஜெயித்தாள்.