மாட்டுத்தாவணி ஊதா விளக்கின் கீழ் என் கால்விரல்

சென்ற மாதம் என் வலது கால் பெருவிரலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சர்க்கரைப் புண். அதிலிருந்த கிருமி எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. மிச்சமிருந்த ஒரே ஊசியை என் சிறுநீரகம் தாங்காது. மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் வெளிச்சத்தால் கிருமியைக் கொல்லும் முறையை ஆய்வாகச் செய்கிறார்கள் என்று அறிந்து, வாரம் இருமுறை போய்வந்தேன். இதே காரியமாகப் புறப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் வீடு இருக்கும் திருநகரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். காலை 8.10க்குக் கிளம்பினால் 9.05க்கு இறங்கலாம், பசுமலையில் பள்ளி வாகனங்கள் நிற்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேருந்து மலிவு, ஆனால் கட்டுப்போட்ட காலை யாராவது மிதிப்பார்கள். கணவர் காலமான பிறகு நான் எங்கும் துணை தேடுவதில்லை, இங்கும் தேவைப்படவில்லை.

சிகிச்சை எளிது. புண்ணில் நீலச் சாயம் தடவி, பத்து நிமிடம் கறுப்புத் துணியால் மூடிவைப்பார்கள். பிறகு பத்து நிமிடம் சிவப்பு விளக்கு. சாயம் ஊறிய கிருமி அந்த வெளிச்சத்தில் சாகுமாம். லேசான எரிச்சல், அவ்வளவுதான். எலும்பு வரை போன புண்ணுக்கு இது உதவாது என்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆறாம் முறை போன செவ்வாய்க்கிழமைதான் விரலைப் பற்றி முடிவு சொல்லும் நாள். வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் சிக்கந்தர் பழங்காநத்தம் தாண்டியதும் ஆரம்பித்தார். “யம்மா, மஞ்சளை அரைச்சு ஒரு பத்துப் போடுங்க. எம்புட்டுப் பெரிய புண்ணா இருந்தாலும் காஞ்சிரும்.”

“ரோட்டைப் பாருங்க சிக்கந்தர். படிச்சவங்க செய்ற வேலையா அது?”

சொல்லும்போதே உறுத்தியது. முடிவு நாளை நினைத்துப் பயந்து, முந்தின மாலை நானே மஞ்சள் பூசியிருந்தேன். காலையில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியாயிற்று. துளிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

“எதாச்சும் தடவுனீங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“நானா? கான்வென்ட்ல படிச்சவ, டாக்டர்.”

அவர் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் பிடித்தார். கிருமி இருந்தால் அதில் சிவப்பாகத் தெரியும். என் விரலோ நகக்கண் வரை மஞ்சளும் பச்சையுமாக ஜொலித்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மஞ்சள் இந்த விளக்குல இப்படித்தாம்மா மின்னும். இதுக்கு அடியில கிருமி இருக்கா இல்லையான்னு நான் எப்படிப் பாக்குறது? இன்னிக்கு முடிவு சொல்ல முடியாது” என்றார் டாக்டர். கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் தேவலை. புண்ணைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். விரல் போகுமா நிற்குமா என்று தெரியாமல் மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அதே விளக்கில் ஓரமாகக் கடுகளவு சிவப்பு மட்டும் தெரிந்தது. “விரல் இருக்கட்டும். இன்னும் நாலு தடவை வாங்க” என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் சிக்கந்தரிடம் உண்மையைச் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். “அப்புறம் எதுக்கும்மா என்னைய அம்புட்டு வெரட்டு வெரட்டுனீங்க?”

போகிறவர்களுக்கு: சர்க்கரை அளவுச் சீட்டும் பழைய மருந்துச் சீட்டுகளும் எடுத்துப்போங்கள். சாயம் புடவையில் பட்டால் போகாது, பழையதை உடுத்துங்கள். புண்ணில் எதையும் தடவாதீர்கள். தடவிவிட்டால், விளக்கைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.